ஏழாம் கட்டில்காரரின் நோன்பு

1986 மார்ச் 19, புதன்

மத்தியானம் துறைமுகத்திலிருந்து ஒரு ஆளை எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சரக்கு இறக்கும்போது கப்பலின் அடித்தளத்துக்குள் விழுந்துவிட்டாராம். தாடை இரண்டு இடத்தில் முறிவு, வலது கை முறிவு, தொடையில் எலும்பு தெரியும் அளவுக்குக் காயம். கப்பல் ஏஜெண்டு ஆபீசிலிருந்து பிரகாசம் மச்சாது கூடவே ஓடி வந்தார்.

"பேரு கெப்ரேயாம் சிஸ்டர். எத்தியோப்பியாக்காரரு. இங்கிலீசு ஒரு எழுத்துத் தெரியாது. கப்பலு நாளைக்குப் போயிரும். ஆளு உங்க பொறுப்பு."

எல்லாம் என் பொறுப்புதான். ஆண்கள் வார்டுக்கு நான் இன்சார்ஜ் ஆன நாளிலிருந்து கூரை ஒழுகினால்கூட என் பொறுப்பு.

கழுத்தில் அழுக்கேறிய கறுப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தார். தாயத்துகூடக் கிடையாது, வெறும் கயிறு. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன் இதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். முடிச்சு அவிழவில்லை, கத்தரியால் நறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அதுவரை அரை மயக்கத்தில் கிடந்த மனுஷன் அப்போது மட்டும் இடது கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

என்னோடு வார்டு பார்க்கும் நர்ஸ் ஏலியம்மா பிரசவ லீவில் கோட்டயம் போய்விட்டாள். மே மாதம்தான் வருவாள். அவள் வேலையும் சேர்த்து என் தலையில்.

மார்ச் 22, சனி

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியாகிவிட்டது. ஆறு வாரத்துக்கு வாய் திறக்காது. கழுத்தில் பட்டை, தலையை ஆட்ட முடியாது. வலது கை தோளிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. பல் இடுக்கு வழியாகக் குழல் வைத்து உறிஞ்சிக் குடிக்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் பாலும் பச்சை முட்டையும் அடித்துக் கலக்கிக் கொடுப்பது வழக்கம். காலையில் கொண்டுபோனேன். இடது கையால் மெதுவாகத் தள்ளிவிட்டார். பத்து மணிக்குக் கொண்டுபோனேன். தள்ளிவிட்டார். மத்தியானம் வெறும் தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம். மூன்று மணிக்கு மேல் வார்டு அட்டெண்டர் பேச்சிமுத்து தன் தூக்குச்சட்டியிலிருந்த உப்புக்கஞ்சியை நீட்டியிருக்கிறான். கடகடவென்று உறிஞ்சிவிட்டாராம்.

"நான் குடுத்தா குடிக்காவ சிஸ்டர். ஒங்க முகத்தப் பாத்துப் பயந்துட்டாவ போல."

கொழுப்பைப் பார். அதே கஞ்சியில் மோர் விட்டு நான் கொடுத்தேன். மோர் வாசனை பட்டதும் தள்ளிவிட்டார்.

குவார்ட்டர்ஸில் குக்கர் ரப்பர் போய்விட்டது. மாற்ற வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

காலையில் உடம்பு துடைத்தபோது சுன்னத்து செய்திருப்பதைப் பார்த்தேன். விஷயம் அப்போதுதான் விளங்கியது. உடனே மருந்து கொடுக்கும் மொகுதூம் பாயைக் கூட்டி வந்தேன். பாய் கட்டிலருகில் நின்று "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். அந்த மனுஷனின் கண்ணில் வெளிச்சம் வந்தது பார்க்க வேண்டுமே! இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"நம்ம ஆளுதான் சிஸ்டர், சந்தேகமே இல்ல. ஆனா ரமலான் மாசம் பொறக்க மே பத்து ஆகும். அதுவுமில்லாம நோயாளிக்கும் பயணம் போறவருக்கும் நோன்பு விட அனுமதி உண்டு. பொறகு சேத்துப் பிடிச்சா போதும். ஏன் இப்பமே பிடிக்காருன்னுதான் வெளங்கல. ஏதும் நேர்ச்சையோ என்னமோ."

ஏழாம் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இயேசு சாமி படம். வந்த நாளிலிருந்து அதையேதான் வெறித்துக்கொண்டிருக்கிறார். ஐயோ பாவம், பிற மதத்துக்காரரைப் படுக்கப்போட்டு நம் சாமியையே பார் என்றால் அவர் மனது என்ன பாடுபடும்? பேச்சிமுத்துவை ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லிப் படத்தைக் கழற்றினேன். இந்த அளவுக்கு யோசிக்க இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் பார்க்கிறேன், வெறும் ஆணியை வெறித்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 28, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. இடுப்பு விட்டுப்போயிற்று. இந்த லெந்து நோன்பு நாட்களில் கறி, மீன், தலைக்குப் பூ எல்லாவற்றையும் விட்டேன். தூத்துக்குடியில் இருந்துகொண்டு மீனை விடுவது என்றால் சும்மா இல்லை.

மார்ச் 30, ஈஸ்டர் ஞாயிறு

மனசு ஆறவில்லை. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

காலை ஆராதனை முடிந்து, பண்டிகைக்கு வாங்கிய ஆட்டுக்காலில் சூப் வைத்து வடிகட்டி வார்டுக்குக் கொண்டுபோனேன். வார்டு முழுக்கக் கொடுத்தேன். எங்கள் சர்ச் பாஸ்டர் ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். ஏழாம் கட்டில்காரர் ஜெபம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார், மரியாதை தெரிந்தவர்தான். சூப்பை வாயருகில் கொண்டுபோனேன். கண் நிறைய என்னைப் பார்த்தார். பிறகு பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பண்டிகைச் சாப்பாடுங்க, ஒரு மடக்கு குடிங்க," என்று கெஞ்சினேன். இல்லை.

ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது, அதுவும் தீர்ந்தது. எந்தக் கிறிஸ்தவனாவது ஈஸ்டர் அன்று கறி சூப்பை வேண்டாம் என்பானா?

ஏப்ரல் 5, சனி

தொடைக் காயம் மூடவில்லை. சீழ் வைக்கிறது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. டாக்டர் நெல்லையப்பன் ரவுண்ட்ஸில் கத்தினார்.

"கஞ்சித்தண்ணியில புண்ணு ஆறுமா தங்கபுஷ்பம்? புரதம் போகணும். இந்த மனுஷன் எந்த மதம், என்ன சாப்பிடுவாரு, கண்டுபிடிங்க. இல்லன்னா காலை எடுக்க வேண்டி வரும். அதுக்கும் தாங்காம ஆளே போயிருவாரு."

நர்ஸ் படிப்பில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை. இருந்தாலும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்பெஷல் வார்டில் குடலிறக்கத்துக்குப் படுத்திருக்கும் தாராசந்த் சேட் ஜைனர். முட்டையைத் தொடமாட்டார், வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் கூடாது, பூமிக்கடியில் விளைவதைப் பிடுங்கினால் உயிர்கள் சாகுமாம். "அப்ப இவரும் உங்க மதமா இருக்குமா?" என்று கேட்டேன். சேட் யோசித்தார். "நாங்கள் பொழுது சாயறதுக்குள்ளே சாப்பிடணும் சிஸ்டர். அவரு பொழுது சாயற நேரத்திலதானே ஆரம்பிக்கிறாரு? பாலும் எங்களுக்குத் தடையில்லையே," என்றார்.

பிரகாசம் மச்சாது தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். புத்த பிக்குகள் மத்தியானத்துக்கு மேல் பருக்கை தொடமாட்டார்களாம். இவர் மத்தியானத்துக்கு மேல்தான் தொடுகிறார். ஆக, புத்தமும் இல்லை.

துறைமுகக் காவலுக்கு வந்திருக்கும் சர்தார்ஜி விரலில் கட்டுப் போட வந்தார். அவரையும் விடவில்லை. சீக்கியர்களுக்கு விரதமே கிடையாதாம். வருகிறவனுக்கெல்லாம் சோறு போட்டுத் தானும் உட்கார்ந்து சாப்பிடு, அதுதான் வழிபாடு என்றார். எனக்கு ரொம்பப் பிடித்துப்போன மதம் அது. ஏழாம் கட்டில்காரர் அதில் இருந்திருக்கக் கூடாதா?

எத்தியோப்பியாவில் யூதர்களும் உண்டு என்று டாக்டர் எங்கோ படித்திருக்கிறார். அவர்களுக்கும் சுன்னத்து உண்டு, கறியையும் பாலையும் சேர்க்கமாட்டார்கள். நான் சேர்க்காமல் தனித்தனியாகத்தானே கொடுத்தேன்? இரண்டையும் தள்ளினாரே!

எனக்குத் தலை சுற்றுகிறது. மனுஷன் கடவுளை நெருங்க நினைத்தால் முதலில் கை வைப்பது சோற்றுத் தட்டில்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பேச்சிமுத்து பொட்டும் குங்குமமுமாக வந்தான். வந்ததும் ஓடி வந்து கூப்பிட்டான்.

"சிஸ்டர், நம்ம ஆளுதான்! கோலம் போடுதாவ, வந்து பாருங்க!"

நிஜம்தான். இடது கையில் பென்சிலைப் பிடித்து, வலது கை மாவுக்கட்டின் மேல் வரைந்திருந்தார். பின்னல் பின்னலாக, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, நாலு பக்கமும் விரிந்த சிக்குக்கோலம். அவ்வளவு அழகு. என்னைப் பார்த்ததும் அதைத் தட்டித் தட்டிக் காட்டினார், தொண்டைக்குள்ளேயே ஏதோ முனகினார். "ரொம்ப நல்லாருக்கு," என்று சொல்லித் தலையாட்டினேன். முனகுவதை நிறுத்திவிட்டார்.

"திருச்செந்தூர்க்காரனுக்கு வெரதம் இருக்காவளோ?" என்றான் பேச்சிமுத்து. போடா என்றேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

காய்ச்சல். காயத்தில் வாடை வந்துவிட்டது. டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்: மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாலும் முட்டையும் ஏற்ற வேண்டும், இன்றைக்கே.

விட்டேன். பேச்சிமுத்து தலையைப் பிடித்துக்கொண்டான். இடது கையைக் கட்டில் சட்டத்தோடு துணியால் கட்டினேன், குழாயைப் பிடுங்கிவிடுவாரே. "முழுங்குங்க, முழுங்குங்க" என்று சொல்லிக்கொண்டே குழாயை இறக்கினேன். முதல் தம்ளர் உள்ளே போகும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குழாய் உறுத்தினால் எல்லோருக்கும் வரும்.

பேச்சிமுத்து மத்தியானம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஏப்ரல் 19, சனி

மூன்று வேளை ஏற்றியாயிற்று. குக்கர் ரப்பர் வாங்கிவிட்டேன், அளவு சரியில்லை.

ஏப்ரல் 23, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. காயத்தின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை. டாக்டருக்கு ஒரே சந்தோஷம், "பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன்.

அவர் என்னைப் பார்ப்பதில்லை. மற்ற யார் போனாலும் பார்க்கிறார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எனக்கு நன்றி ஒன்றும் வேண்டாம். கடமையைச் செய்கிறவளுக்கு எதற்கு நன்றி? ஆனாலும் ஒரு மனுஷன் இப்படியா முகத்தைத் திருப்பிக்கொள்வது? மருந்து மாதிரித்தானே பாலும் முட்டையும்? அவருடைய கால் இருக்கிறது என்றால் அது யாரால்?

மே 2, வெள்ளி

எழுத்து கோணல்மாணலாக வந்தாலும் எழுதியே தீர வேண்டும்.

காலையில் தாடைக் கம்பியை எடுக்கும் நாள். மூக்குக் குழாயை உருவினேன். டாக்டர் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். கழுத்துப் பட்டையையும் கழற்றினார். பிறகு மாவுக்கட்டு. கோலத்தின் நட்டநடுவில் கத்தி இறங்கிக் கட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே கை குச்சி மாதிரி மெலிந்து வெளுத்திருந்தது. "கையை மெள்ளத் தூக்கச் சொல்லுங்க," என்றார் டாக்டர். நான் சைகை காட்டினேன்.

தூக்கினார். நடுங்க நடுங்கத் தூக்கி நெற்றியைத் தொட்டார். பிறகு நெஞ்சு. பிறகு இடது தோள், வலது தோள்.

ஏசுவே!

கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன். கத்தரியெல்லாம் தரையில் சிதறியது. நிலுவை வாங்குகிறவர் போல அவர் திரும்பத் திரும்பச் சிலுவை போட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் அந்தக் கை கட்டுக்குள் கிடந்ததே! யாரும் பிடிப்பதற்குள் கட்டிலைவிட்டு இறங்கினார். புண்பட்ட காலோடு தரையில் முழங்காலிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தார். மறுபடி நெற்றியை வைத்தார். சரியாகத் திறக்காத வாயால் "எக்சியோ... கிறிஸ்தோஸ்... எக்சியோ... கிறிஸ்தோஸ்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த மொகுதூம் பாய் அப்படியே நின்றுவிட்டார். "இது எங்க தொழுகை இல்ல சிஸ்டர்," என்றார்.

லீவு முடிந்து இன்றுதான் வேலைக்கு வந்திருந்த ஏலியம்மா பின்னாலிருந்து கத்தினாள். "ஐயோ சேச்சி, இது கும்பிடீல்! எங்க பள்ளியில, சர்ச்சுல, பெரிய வெள்ளிக்கு இப்படித்தான் விழுந்து விழுந்து கும்பிடுவோம்!"

"பெரிய வெள்ளி போய் ஒரு மாசம் ஆச்சுடி!"

"நமக்குப் போயி. எங்க கோட்டயம் செமினாரிக்கு இவரு நாட்டு அச்சன்மார், பாதிரிமார், படிக்க வருவாங்க. அவங்க பஞ்சாங்கம் வேறயாக்கும். இன்னிக்குத்தான் அவங்களுக்குப் பெரிய வெள்ளி. ஞாயித்துக்கிழமை ஈஸ்டர். அதுவரைக்கும் கறி, மீன், பால், மோர், முட்டை ஒண்ணும் கூடாது. மத்தியானம் கழியாம பச்சைத் தண்ணிகூடக் கிடையாது. ஏசு காலத்துல இருந்தே உள்ள சபை சேச்சி. சுன்னத்துகூட எட்டாம் நாளே செய்வாங்க. வணக்கத்துக்கு அவங்களும் 'சலாம்'னுதான் சொல்லுவாங்க."

பைபிளில் எத்தியோப்பியர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற பாடத்தை ஞாயிறு பள்ளியில் வருஷா வருஷம் நானே எடுக்கிறேன். பிள்ளைகளுக்குக் கேள்வியும் கேட்கிறேன். அந்தப் பாடத்தில் வருகிற தேசத்து ஆள் என் கட்டிலில் வந்து படுத்தால் அவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஊரிலுள்ள மதமெல்லாம் விசாரித்தேன். என் மதத்தை விசாரிக்கவில்லை.

"கழுத்துல ஒரு கயிறு இருக்குமே சேச்சி? ஞானஸ்நானத்துல கட்டுறது. சாகற வரைக்கும் எடுக்கமாட்டாங்க," என்றாள் ஏலியம்மா, அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டே.

நான் குனிந்து, தரையில் கிடந்த கத்தரியை எடுத்தேன்.

ஒரு கிறிஸ்தவரைக் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் கையைக் கட்டிப்போட்டு, மூக்கில் குழாய் விட்டு, அவருடைய பரிசுத்த வாரத்தில் மூன்று வேளையும் நோன்பை முறித்தேன். அவர் ஞானஸ்நானக் கயிற்றை நறுக்கிக் குப்பையில் போட்டேன். அவர் பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டிருந்த படத்தைக் கழற்றினேன். மாவுக்கட்டில் அவர் வரைந்து தட்டித் தட்டிக் காட்டிய சிலுவையைக் கோலம் என்று மெச்சினேன். இத்தனையும் செய்தது யார்? லெந்து நாளில் மீனை விட்டுவிட்டேன் என்று பெருமையடித்தவள்.

"நான் செஞ்சது தப்பில்ல," என்றார் டாக்டர், யாரும் கேட்காமலே. "ஆளும் பிழைச்சாரு, காலும் பிழைச்சுது." அவர் சொல்வதும் நிஜம். அதுதான் என்னைக் கொல்கிறது.

மே 3, சனி

காலையில் முதல் வேலையாகப் படத்தை அதே ஆணியில் மாட்டினேன். நானே ஸ்டூலில் ஏறினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சிமுத்துவிடம் கறுப்புக் கயிறு வாங்கி வரச் சொன்னேன். கடலைமிட்டாய் வாங்கப் போகிறவன் மாதிரி ஓடினான். சிவன் கோயில் வாசல் கடையில் வாங்கினானாம். "அந்தக் கடையில வாங்குனா பரவால்லியா சிஸ்டர்? வேற எங்கயும் கெடைக்கல." பரவாயில்லை என்றேன். வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

கொண்டுபோய் நீட்டினேன். வாயைத் திறந்து மன்னிப்பு கேட்க ஒரு பாஷை இல்லை. தமிழிலேயே சொன்னேன். "தெரியாமப் பண்ணிட்டேன். சத்தியமா தெரியாது." அழுதுவிட்டேன், வார்டு முழுக்கப் பார்த்தது. அவர் கயிற்றை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

வேண்டாம் என்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. குனிந்து கழுத்தைக் கொடுத்தார். கட்டினேன். முடிச்சு போட மூன்று தடவை ஆயிற்று.

பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 4, ஞாயிறு

விடிந்ததும் எழுந்து முட்டை அவித்தேன். தாடை இன்னும் சரியாக ஆடாது என்று ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் குழைத்து எடுத்துக்கொண்டேன். ஆராதனைக்குப் போகவில்லை. கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு காரணமும் யோசித்து வைக்கவில்லை.

கட்டிலில் வெள்ளைத் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஏலியம்மாவிடம் சைகையில் கேட்டு வாங்கியிருக்கிறார். தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். ஊட்டிவிடப் பயம். இனி எந்த ஜென்மத்திலும் அவர் வாய்ப் பக்கம் என் கையைக் கொண்டுபோகமாட்டேன்.

சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும் முட்டையை உரித்தார். மெலிந்த வலது கை நடுங்கியதால் ரொம்ப நேரம் ஆயிற்று, யாரும் உதவிக்குப் போகவில்லை. முட்டையைப் பிட்டு ரொட்டியோடு சேர்த்து உருண்டையாகப் பிடித்தார். சாப்பிடப்போகிறார் என்று பார்த்தால், என்னைப் பார்த்துத் தலையசைத்துக் கூப்பிட்டார்.

கிட்டே போனேன். அந்தக் கவளத்தை என் வாய்க்கு நேரே தூக்கினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நகர்ந்தேன். கை அங்கேயே நின்றது, நடுக்கத்தோடு. ஏலியம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை, உதட்டைப் பிதுக்கினாள்.

பேச்சிமுத்துதான் சொன்னான். "மொத வாய ஒங்களுக்கு ஊட்டுதாவ சிஸ்டர். அவுக ஊரு மரியாதை போல. வாயத் தொறங்க."

திறந்தேன். ஊட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கவளம் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. அவர் கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை நாள் பார்க்காத கணக்குக்கும் சேர்த்து.

"முழுங்குங்க சிஸ்டர்," என்றான் பேச்சிமுத்து மெதுவாக. "முழுங்குங்க, முழுங்குங்க."

முழுங்கினேன். அதன் பிறகுதான் அவர் சாப்பிட ஆரம்பித்தார்.